டி செல் குடியேறும் கதை

நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகை டி செல். அது முதிரும் உறுப்பான தைமஸை விட்டு வெளியே வரும் இளம் டி செல் ஓரிடத்தில் தங்காது. ரத்தம், நிணநீர்க் கணு, நிணநீர், திரும்ப ரத்தம் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். கணுவுக்குள் நுழைய அதன் மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறுகள் சிடி62எல், சிசிஆர்7. தோலுக்கும் குடலுக்கும் இந்த விசா செல்லாது.

எங்கே குடியேறுவது என்பது பெரும்பாலும் கணுவிலேயே முடிவாகிவிடும். கிருமியின் துண்டைக் கொண்டுவந்து டி செல்லுக்குக் காட்டும் டென்ட்ரைடிக் செல், தான் எங்கிருந்து வந்தது என்ற முகவரியையும் சேர்த்தே கொடுக்கிறது. குடலைச் சேர்ந்த கணுவில் அது வைட்டமின் ஏ-யை ரெட்டினோயிக் அமிலமாக்கும். அது பட்ட டி செல்லின் மேல் குடலுக்கு விசாவான ஆல்ஃபா4பீட்டா7, சிசிஆர்9 என்ற மூலக்கூறுகள் இரண்டும் முளைக்கும். தோலைச் சேர்ந்த கணு என்றால் அந்த இடத்தில் சிஎல்ஏ, சிசிஆர்4 என்பவை முளைக்கும். வைட்டமின் ஏ இல்லாமல் வளர்த்த எலிகளின் குடலில் டி செல்கள் வெகுவாகக் குறைந்துபோகின்றன.

குடலின் ரத்தக்குழாய்ச் சுவரில் மேட்காம்-1 என்ற புரதம் இருக்கிறது. ஆல்ஃபா4பீட்டா7 அதைப் பற்றிக்கொள்ள, செல் உருண்டு, நின்று, சுவரைத் துளைத்து உள்ளே இறங்கும். குடல் அழற்சிக்குக் கொடுக்கும் வெடோலிசுமாப் என்ற மருந்து இந்தப் பிடியைத்தான் மறிக்கிறது.

இறங்கியாயிற்று. தங்குவதுதான் பெரும்பாடு. எஸ்1பி என்ற கொழுப்பு மூலக்கூறு ரத்தத்திலும் நிணநீரிலும் அதிகம், திசுவில் குறைவு. அதை உணரும் எஸ்1பிஆர்1 ஏற்பி செல்லின் மேலே இருக்கும்வரை செல் அந்த வாடையைப் பிடித்து வெளியே போய்விடும். தங்கப்போகிற செல் இதை இரண்டு வழியில் அடைக்கிறது: சிடி69 என்ற புரதம் அந்த ஏற்பியைப் பிடித்து உள்ளே இழுத்துவிடும், ஏற்பியின் மரபணுவை இயக்கும் கேஎல்எஃப்2 அடங்கிவிடுவதால் புது ஏற்பியும் உருவாகாது. அதன்பின் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் தூண்ட, செல்லின் மேல் சிடி103 என்ற பிடிப்பு மூலக்கூறு வரும். அது தோல், குடல் ஆகியவற்றின் மேற்படலச் செல்களில் உள்ள இ-கேட்ஹெரின் என்ற புரதத்தைக் கவ்விக்கொள்ளும். தோலில் பிழைக்க ஐஎல்-15 என்ற சமிக்ஞைப் புரதம் வேண்டும், சாப்பாட்டுக்குச் சுற்றியிருக்கும் கொழுப்பு அமிலம்.

சிடி69 இருந்தாலே நிரந்தரக் குடி என்று எழுதிவிடுகிறார்கள். தப்பு. இப்போதுதான் தூண்டப்பட்ட செல்லிலும் அது இருக்கும். சிடி103 இல்லாத குடிகளும் உண்டு. நுரையீரலில் இன்னொரு குழி: எவ்வளவு கழுவினாலும் நுண்குழாய்களுக்குள் செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், எண்ணிக்கை ஊதிவிடும். எலியைக் கொல்வதற்குச் சில நிமிடம் முன்பு டி செல்லில் ஒட்டும் நிறமேற்றிய ஆன்டிபாடியை ரத்தக்குழாயில் செலுத்தினால், சாயம் ஏறியது குழாயில் இருந்தது, ஏறாதது திசுவில் இருந்தது என்று பிரித்துவிடலாம். இரண்டு எலிகளை ஒட்டித் தைத்து ரத்தத்தைப் பொதுவாக்கிப் பார்ப்பது இதைவிட உறுதி. குடியானது அடுத்த எலிக்குப் போகாது.

எல்லா ஊரும் ஒன்றுபோல் வைத்துக்கொள்வதில்லை. எலியின் நுரையீரலில் ஃப்ளூவுக்குப் பின் குடியேறியவை சில மாதங்களில் கரைந்துபோகும். தோலில் நெடுங்காலம் இருக்கும், சில சமயம் வேண்டாத குடியாகவும். சிலருக்கு ஒரு குறிப்பிட்ட மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் தோலில் வட்டமாகத் தடிப்பு வந்து, ஆறிக் கருந்தழும்பாக நிற்கும். எத்தனையோ மாதம் கழித்து அதே மாத்திரையை விழுங்கினால், சில மணி நேரத்தில் அதே வட்டம், அதே இடத்தில் சிவந்து எரியும். மேல்தோலின் அடிவரிசையில் சிடி8 வகை டி செல்கள் அதுவரை அங்கேயே உட்கார்ந்திருந்தன.