நிமிடத்துக்கு 33 சொட்டு

அம்மாவுக்கு வயது 67. முடக்குவாதத்துக்காக ஆறு வருடமாக வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட்டும் தினமும் சின்ன அளவில் ஸ்டீராய்டு மாத்திரையும் சாப்பிட்டு வருகிறார். போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, நெற்றியின் இடதுபக்கம் எரிகிறது, முடியைத் தொட்டாலே சுரீர் என்கிறது என்றார். தோலில் ஒன்றும் தெரியவில்லை. ஒற்றைத் தலைவலியாக இருக்கும் என்று தைலம் தடவிவிட்டேன். ஞாயிறு காலையில் பார்த்தால் புருவத்துக்கு மேலே சிவந்துபோய், கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளங்கள். பக்கத்து வீட்டு அத்தை பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "இது அக்கி. போய் எழுதிட்டு வாங்க."

எங்கள் ஊர் மானாமதுரை. பானைக்கும் கடத்துக்கும் பெயர்போன ஊர். அக்கி என்றால் முதலில் குயவர் வீட்டுக்குத்தான் போவோம். காவிக்கல்லை உரைத்து, அதை இறகால் தொட்டு, கொப்புளம் வந்த இடத்தில் எழுதுவார்கள். அப்பாவின் முதுகில் எழுதியதைச் சிறுவயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அன்று பெரியவர் அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து, முகத்தை வெயில் பக்கம் திருப்பிப் பார்த்தார். இறகைக் கையில் எடுக்கவே இல்லை. "ஆத்தா, மூக்கு நுனியில ஒண்ணு கெளம்பியிருக்கு பாரு. இது கண்ணுக்குப் போற அக்கி. நான் எழுத மாட்டேன். இன்னைக்கே மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிரு" என்றார். அந்தச் சொல்லுக்காக அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மதுரையில் மருத்துவமனையில் சேர்த்தபோது, அங்கிருந்த பெண் டாக்டரும் முதலில் பார்த்தது மூக்கு நுனியைத்தான். மூக்கு நுனிக்குப் போகும் நரம்புக் கிளையே கண்ணுக்கும் போகிறதாம். அங்கே கொப்புளம் வந்தால் கண்ணுக்குள்ளும் வர வாய்ப்பு அதிகம். எப்போது ஆரம்பித்தது என்று இரண்டு தடவை கேட்டார். கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கினால்தான் முழுப் பலன் என்றார். நாங்கள் முதல் நாளிலேயே போய்விட்டோம்.

பெரும்பாலானவர்களுக்கு அக்கிக்கு மாத்திரையே போதும். அம்மாவுக்கு ஏன் ஊசி என்று கேட்டேன். டாக்டர் அம்மாவின் சட்டைக் கையை மேலே தூக்கிக் காட்டினார். நெற்றியோடு சேராத கொப்புளங்கள் தோளிலும் மார்பிலும் தனித்தனியாக வந்திருந்தன. சின்னம்மை வந்துபோன பிறகு அதே வைரஸ் நரம்பு முடிச்சில் வருடக்கணக்காக ஒளிந்துகிடக்கிறது. எதிர்ப்புச் சக்தி குறையும்போது ஒரு நரம்பின் வழியே வெளியே வருவதுதான் அக்கி. அம்மா சாப்பிடும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருப்பதால், அது ஒரு நரம்போடு நிற்காமல் ரத்தத்திலும் பரவத் தொடங்கியிருந்தது. அக்கி வைரஸுக்குக் கொடுக்கும் மருந்தான அசைக்ளோவிரை மாத்திரையாகச் சாப்பிட்டால் நூறில் 10 முதல் 20 பங்குதான் உடம்பில் சேருமாம். மூளைக்கோ நுரையீரலுக்கோ போய்விடும் என்ற பயம் இருக்கும்போது அதை நம்பியிருக்க முடியாது.

அப்படித்தான் தனியறையில் சேர்த்தார்கள். தம்பி மனைவி அப்போது ஐந்து மாதம். அவளுக்குச் சின்னம்மை வந்ததில்லை என்று தெரிந்ததும் அறைப் பக்கமே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தினார்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதால் அது தொடர்ந்தது. மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிடும் வலி மாத்திரையைப் பற்றிக் கேட்டபோது அம்மா தயங்கித் தயங்கித்தான் ஒத்துக்கொண்டார். அந்த மாத்திரையும் இந்த ஊசியும் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது. அதை மறைக்காமல் சொன்னது நல்லதாகப் போயிற்று.

அளவு எடையை வைத்து. கிலோவுக்கு 10 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. அம்மா 52 கிலோ, அதனால் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 500 மில்லிகிராம். காலை 6, மதியம் 2, இரவு 10. சின்னக் குப்பியில் வெள்ளைப் பொடியாக வருகிறது. சிஸ்டர் அதில் 10 மில்லி சுத்த நீரை விட்டுக் குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்து, துகள் இல்லை என்று பார்த்த பிறகே 100 மில்லி சலைனில் கலப்பார். கலந்ததை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, துகள் துகளாகப் பிரிந்துவிடும். நேராக ரத்தக்குழாயில் குத்தி ஒரேயடியாக ஏற்றவும் கூடாது, தசையிலும் போடக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் டிரிப்பில்தான் இறங்க வேண்டும்.

முதல் நாள் பகல் சிஸ்டர் எனக்கு ஒன்று கற்றுக்கொடுத்தார். அந்த டிரிப் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. 100 மில்லி ஒரு மணி நேரத்தில் இறங்க வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 33 சொட்டு. போனில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு சொட்டை எண்ணிப் பழகினேன். அம்மா கையை மடக்கினால் 20க்கு இறங்கும், நீட்டினால் 40க்கு ஏறும். அந்த ஒரு மணி நேரமும் வேறு எதிலும் மனம் போகாது.

இரண்டாம் நாள் இரவு துணைக்குத் தம்பி இருந்தான். நான் ஊருக்குப் போயிருந்தேன். பத்து மணி டிரிப்பைப் போட்டுவிட்டு, வேறு வார்டிலிருந்து வந்திருந்த சிஸ்டர், மெதுவாக இறங்குகிறது என்று டிரிப் குழாயில் இருக்கும் சக்கரத்தைத் தள்ளித் திறந்துவிட்டுப் போய்விட்டார். பாட்டில் இருபது நிமிடத்தில் காலி. சீக்கிரம் முடிந்ததே என்று தம்பிக்குச் சந்தோஷம். அவனுக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலத்துக்குள் அம்மாவுக்குச் சிறுநீர் வெகுவாகக் குறைந்துவிட்டது. அதற்கடுத்த நாள் காலை, இறந்துபோன என் பெரியம்மாவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். டம்ளரைப் பிடித்த கை நடுங்கியது. சுவரில் எறும்பு ஊர்கிறது, துடைத்துவிடு என்றார். சுவரில் ஒன்றுமே இல்லை. வைரஸ் மூளைக்குப் போய்விட்டதோ என்று எனக்குக் கால் ஓடவில்லை. டாக்டருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. கழுத்து விறைப்பு பார்த்தார், காய்ச்சல் இல்லை, ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. ரத்தப் பரிசோதனையில்தான் விடை கிடைத்தது. சேர்ந்தபோது 0.8 இருந்த கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு, 1.5 ஆகியிருந்தது.

இந்த மருந்து சிறுநீரில்தான் வெளியேறுகிறது. வேகமாக ஏற்றினாலோ உடம்பில் தண்ணீர் குறைவாக இருந்தாலோ சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாகத் தங்கி அடைத்துக்கொள்ளும். வெளியே போக வழியில்லாமல் மருந்து ரத்தத்தில் தேங்கினால் குழப்பமும் நடுக்கமும் வரும். வயதானவர்களுக்குச் சீக்கிரமே வரும். டாக்டர் மருந்தை நிறுத்தவில்லை, வைரஸை விட்டுவிடவும் முடியாது. எட்டு மணி நேர இடைவெளியைப் பன்னிரண்டு மணி நேரமாக்கினார். சலைனைக் கூட்டினார். சிறுநீரை அளந்து எழுதச் சொன்னார். படுக்கைக்கு அடியில் ஒரு நோட்டு வைத்து நான் எழுதினேன்: குடித்தது இவ்வளவு, போனது இவ்வளவு. இரண்டு நாளில் அம்மா என் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டார். கிரியாட்டினின் 1.0க்கு வந்தது.

நடந்ததைத் தலைமை சிஸ்டரிடம் சொன்னேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டிலிலும் தொடங்கிய நேரமும் முடிய வேண்டிய நேரமும் பிளாஸ்டரில் எழுதி ஒட்டினார்கள். யாரையும் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. ஆனால் துணைக்கு இருப்பவர்களுக்கு "ஒரு மணி நேரத்துக்கு முன்னால் முடிந்தால் கேள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும். அந்த ஒரு வார்த்தை இல்லாமல்தான் அம்மா இரண்டு நாள் தன்னை மறந்து கிடந்தார்.

நடுவில் கையிலுள்ள ரத்தக்குழாயும் சோதித்தது. மருந்து காரத்தன்மை உள்ளது, ரத்தக்குழாயை அரிக்கும். மூன்றாம் நாள் வென்ஃபிளான் (டிரிப் ஏற்றும் ஊசிக்குழாய்) போட்ட இடத்திலிருந்து முழங்கை வரை சிவப்புக் கோடு போல வீங்கி வலித்தது. வேறு கையில் மாற்றினார்கள். எரிகிறது என்று நோயாளி சொன்னால் பொறுத்துக்கொள் என்று சொல்லாமல் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் தோலே புண்ணாகிவிடும்.

கண் டாக்டர் தினமும் வந்தார். மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் கருவிழியைப் பார்ப்பார். மேலோட்டமான கீறல் போலத்தான் இருந்தது, மருந்தில் ஆறியது. தானாக எந்தச் சொட்டு மருந்தும் கண்ணில் விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

இரவு நேரங்களில் டிரிப் பக்கத்தில் உட்கார்ந்து இந்த மருந்தைப் பற்றிப் படித்தேன். இது உடம்புக்குள் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்குமாம். வைரஸ் புகுந்த செல்லில், அந்த வைரஸ் தனக்காகச் செய்துகொள்ளும் நொதிதான் இதை முடுக்கிவிடுகிறது. பிறகு வைரஸ் தன் டிஎன்ஏவைப் பிரதி எடுக்கும்போது உள்ளே நுழைந்து சங்கிலியை அறுத்துவிடுகிறது. அதனால்தான் நல்ல செல்களுக்குப் பெரிதாகக் கெடுதல் இல்லை. இதை உருவாக்கிய ஆய்வுக்குழுவை நடத்தியவர் கெர்ட்ரூட் எலியன். தாத்தா புற்றுநோயில் இறந்ததைப் பார்த்து மருந்து ஆராய்ச்சிக்கு வந்தவர், 1988இல் நோபல் பரிசு பெற்றார். அந்த நடு இரவில் அவரை நினைத்து மனதார நன்றி சொன்னேன். நரம்பில் ஒளிந்திருக்கும் வைரஸை மட்டும் இந்த மருந்தாலும் அழிக்க முடியாது.

ஆறாம் நாள் புதுக் கொப்புளம் எதுவும் வரவில்லை, பழையவை பொருக்குத் தட்டின. ஊசியை நிறுத்தி, அதே வகை மருந்தான வாலாசைக்ளோவிர் மாத்திரைக்கு மாற்றி, வீட்டுக்கு அனுப்பினார்கள். மொத்தம் பத்து நாள் மருந்து. புண் ஆறிய பிறகுதான் மெத்தோட்ரெக்சேட்டைத் திரும்பத் தொடங்கினோம்.

வலி மட்டும் போகவில்லை. இரவில் நரம்பு வலிக்கான பிரீகாபலின் மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டால் தூக்கம் வருகிறது. முன்னைக்கு இப்போது குறைவு. இனியொரு முறை வராமலிருக்கத் தடுப்பூசி உண்டா என்று கேட்டதற்கு, 2023 முதல் இந்தியாவிலும் ஷிங்ரிக்ஸ் கிடைக்கிறது, உயிருள்ள கிருமி அதில் இல்லாததால் அம்மா போன்றவர்களுக்கும் போடலாம் என்றார் டாக்டர். இரண்டு தவணை, விலை அதிகம்தான். முதல் தவணையை வரும் தையில் போடலாம் என்று நாள் கொடுத்திருக்கிறார்.

தீபாவளிக்குப் பெரியவர் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோனோம். அம்மாவின் முகத்தை மறுபடி வெயில் பக்கம் திருப்பிப் பார்த்தார். "தழும்பு இருக்கட்டும் ஆத்தா, கண்ணு தெரியுதுல்ல?" என்றார். அம்மா வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, இடது கண்ணால் பார்த்து, சூளைப் பக்கம் காய்ந்துகொண்டிருந்த பானைகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னார்.