கருவியின் முன் மூச்சு விடாதீர்கள்

பள்ளியில் மூலக்கூறுகளின் வடிவம் என்றால் ஒரு அட்டவணைதான். மீத்தேன் நான்முகி, 109.5 டிகிரி, அம்மோனியா 107, நீர் 104.5. மனப்பாடம் செய்து எழுதினால் முழு மதிப்பெண். அகச்சிவப்பு ஸ்பெக்ட்ரோமீட்டர் (சாம்பிள் எந்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்று வரைந்து காட்டும் கருவி) உள்ள ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகோ, அந்த வடிவங்களோடுதான் தினமும் மல்லுக்கட்டு.

சாம்பிள் வைக்கும் மூடியைத் திறந்து, குனிந்து ஒரு மூச்சு விட்டால் போதும், 2350 செ.மீ⁻¹ (ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை அலைகள் என்ற கணக்கு) பக்கத்தில் இரண்டாகப் பிளந்த ஒரு முகடு எழும்பிவிடும். நம் மூச்சிலிருந்த கார்பன் டை ஆக்சைடு அது. கூடவே 1400 முதல் 1900 வரையிலும், 3500க்கு மேலேயும் சீப்புப் பல் போல நெருக்கமான கோடுகள், அது நீராவி. சாம்பிளின் உண்மையான முகடு அதற்குள் எங்கோ ஒளிந்துகொள்ளும்.

புதிதாக வருபவர்களில் கெட்டிக்காரர்கள் ஒன்று கேட்பார்கள்: காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்தானே, அது ஏன் தெரியவில்லை? அதிரும்போது இருமுனைத் திருப்புத்திறன், அதாவது மின்சுமை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் அளவு, மாறினால்தான் மூலக்கூறு அகச்சிவப்பை உறிஞ்சும். நைட்ரஜனில் இரண்டு பக்கமும் ஒரே அணு, எப்படி நீண்டு சுருங்கினாலும் மின்சுமை ஒரு பக்கம் சாயாது. அதனால்தான் கருவிக்குள் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் விரட்ட உலர்ந்த நைட்ரஜனையே செலுத்துகிறோம், அது குறுக்கே நின்றாலும் கருவிக்குத் தெரியாது.

கில்லெஸ்பியும் நைஹோமும் 1957இல் சொன்ன எலக்ட்ரான் இணை விலக்கக் கொள்கையை (எலக்ட்ரான் இணைகள் ஒன்றையொன்று தள்ளுவதால்தான் மூலக்கூறுக்கு வடிவம் வருகிறது என்பது) எல்லோரும் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் அதற்கும் திரையில் தெரியும் கோட்டுக்கும் முடிச்சுப் போடச் சொன்னால் திணறுகிறார்கள் (பாடத்திட்டத்தைத்தான் குறை சொல்வேன், பிள்ளைகளை அல்ல). அப்புறம் நான் செய்வது இதுதான்: பெயரை மறைத்துவிட்டு இரண்டு ஸ்பெக்ட்ரங்களைக் கையில் கொடுப்பேன். ஒன்றில் 667, 2349 என்று இரண்டே முக்கிய முகடுகள். இன்னொன்றில் 518, 1151, 1362 என்று மூன்று. இரண்டிலும் நடுவில் ஓர் அணு, இரு புறமும் ஆக்சிஜன், எது வளைந்தது?

மூன்று இருப்பதுதான் வளைந்தது, சல்ஃபர் டை ஆக்சைடு. பிணைப்பில் சேராமல் சல்ஃபரில் தங்கிவிட்ட தனித்த எலக்ட்ரான் இணை பிணைப்புகளைத் தள்ளி 119 டிகிரிக்கு மடக்கிவிடுகிறது. பிறகு எப்படி அதிர்ந்தாலும் கருவி கண்டுபிடித்துவிடும். கார்பன் டை ஆக்சைடு நேர்கோடு. இரு ஆக்சிஜன்களும் ஒரே நேரத்தில் வெளியே விலகினால் இந்தப் பக்க இழுப்பை அந்தப் பக்கம் சரிக்கட்டிவிடும், அந்த அதிர்வைப் பார்க்க, சிதறும் ஒளியை அளக்கும் ராமன் கருவிக்குத்தான் போக வேண்டும்.

சரி, மூன்று அணு உள்ள நேர்கோட்டு மூலக்கூறுக்கு அதிர்வுகள் நான்காயிற்றே, ஒன்று ராமனுக்குப் போனால் மிச்சம் மூன்று இருக்க வேண்டுமே என்று யாராவது விரல் விட்டு எண்ணிக் கேட்டால் எனக்கு அன்றைக்கு உற்சாகம்தான். 667இல் இருப்பது ஒன்றல்ல, மேல்கீழாகவும் முன்பின்னாகவும் மடங்கும் இரண்டு அதிர்வுகள், ஆற்றல் ஒன்றேயானதால் ஒரே முகட்டில் உட்கார்ந்திருக்கின்றன.