விரல் போனது, கால் தப்பியது

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. அப்பா அதில் வெறுங்காலோடு நடந்தே பழகியவர். சர்க்கரை நோய் பல வருஷமாக இருப்பதால் நரம்பு மரத்துப்போய், முள் குத்தினாலும் அவருக்கு உறைக்காது. வலது கால் இரண்டாம் விரல் கறுத்த பிறகுதான் அம்மா கவனித்தார்.

முதலில் காட்டிய மருத்துவமனையில், எடுத்த எடுப்பிலேயே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார்கள். சித்தப்பாவோ, "மஞ்சளை அரைச்சுக் கட்டு கண்ணு, ஆறிரும்" என்றார். இரண்டுக்கும் மனசு ஒப்பவில்லை. வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனோம்.

அங்கே டாக்டர் பொறுமையாக விளக்கினார். திசு செத்துப்போவதுதான் நெக்ரோசிஸ். ரத்தம் போகாமல் விரல், பாதம் என்று ஒரு பகுதியே அப்படிச் செத்தால் கேங்ரீன். அதில் உலர்ந்த வகையில் விரல் கறுத்துச் சுருங்கும். செத்த தோலும் உயிருள்ள தோலும் சேருமிடத்தில் கோடு தெளிவாகத் தெரியும். ஈர வகையில் கிருமி புகுந்து வீங்கும், நீர் கசியும், நாற்றமடிக்கும், வேகமாக மேலே ஏறும். அதற்கு உடனே ஆபரேஷன்தான். அப்பாவுக்கு உலர்ந்த வகை. அதனால்தான் ரத்த ஓட்டத்தைப் பார்க்க அவகாசம் கிடைத்தது.

கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கிறார்கள். 0.9க்குக் கீழே வந்தால் காலுக்கு ரத்தம் போதவில்லை என்று அர்த்தம். ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தக்குழாய் சுண்ணாம்பு படிந்து விறைத்திருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும். சரியாக இருப்பது போலவே காட்டும். எனவே ரத்தம் ஓடுவதையே படமாகக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் எடுத்தார்கள். காலில் அடைப்பு தெரிந்தது. முதலில் ரத்தக்குழாய்க்குள் பலூன் வைத்து அடைப்பை நீக்கினார்கள், அப்புறம்தான் விரலை எடுத்தார்கள். ரத்தம் வராத இடத்தில் வெட்டினால் வெட்டிய புண்ணே ஆறாதாம். முழங்காலுக்குக் கீழே எடுக்கச் சொன்ன இடத்தில் இந்த ஸ்கேனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

அதன்பிறகு டிரஸ்ஸிங். புண்ணில் மஞ்சளாக, பிசுபிசுவென்று ஒட்டியிருந்த செத்த சதையை சிஸ்டர் கத்தியால் சுரண்டி எடுப்பார். அப்பா வலியே இல்லாமல் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார். சுரண்டிய இடத்தில் ரத்தம் துளிர்த்ததும், "இது நல்ல சதைங்க, பயப்படாதீங்க" என்பார் சிஸ்டர். போகப்போகச் சிவப்பாக, மணல்மணலாகப் புதுச்சதை ஏறியது.

பீடியை அப்பா அடியோடு விட்டுவிட்டார். எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் செருப்பு இல்லாமல் தோப்புக்குள் இறங்குவதில்லை. ராத்திரி அம்மா இரண்டு பாதத்தையும் துடைத்து, விரலிடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் படுக்க விடுகிறார்.