மறுவிதைப்புக்கு ஒரு பங்கு

முதல் மழையை நம்பி விதைத்துவிட்டு, அடுத்த மூன்று வாரம் எல்லோரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்த பருவம் அது. முளைத்த சோளமும் தட்டைப்பயறும் கருகின. அப்புறம் நல்ல மழை வந்தது, ஆனால் யார் கையிலும் விதை இல்லை. கடையில் கிடைத்ததோ விளைய நாள் அதிகம் எடுக்கும் ரகம். மிச்சமிருந்த ஈரத்தில் அது கதிர் பிடிக்காது. அந்த வருடம்தான் 12 சிறு விவசாயக் குடும்பங்களோடு சேர்ந்து விதை வங்கி தொடங்கினோம்.

கொடுக்கல் வாங்கல் பேச்செல்லாம் ஒரே கூட்டத்தில் முடிந்தது. ஒரு படி வாங்கினால் அறுவடையில் ஒன்றரைப் படி திருப்ப வேண்டும், அவ்வளவுதான். அடி வாங்கியது சேமிப்பில். இரண்டு நாள் வெயிலில் போட்டு, சாக்கில் கட்டி அடுக்கிவிட்டு நிம்மதியாக இருந்தோம். ஐந்து மாதம் கழித்துத் திறந்தால் பயறு முழுக்க ஓட்டை. கையை விட்டால் விரலிடுக்கில் வண்டு ஏறியது. சோளத்தில் 100 விதையை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி வைத்தோம். முளைத்தது 41.

பயறு வண்டு கிடங்கில்தான் வந்து சேர வேண்டும் என்பதில்லை. வயலிலேயே காயில் முட்டை வைத்து, விதையோடு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. சோளத்தைக் கெடுத்தது ஈரம். விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதைக்காரர்கள் கணக்கு.

ஈரமானி வாங்க வசதியில்லை. அதனால் உப்பை வறுத்து ஆறவைத்து, காய்ந்த கண்ணாடிப் புட்டியில் விதையோடு போட்டுக் குலுக்கினோம். கண்ணாடியில் உப்பு ஒட்டினால் ஈரம் சுமார் 15 சதவீதத்துக்கு மேல். காயப்போட்ட மூன்றாம் நாள் காலையில்கூட வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நின்றது! ஒட்டாமல் போனபின்னும் இரண்டு நாள் நிழலில் காயவைத்தோம். ஈர விதையைக் காற்றுப் புகாமல் கட்டினால், சும்மா வைத்ததைவிட வேகமாகக் கெட்டுவிடும்.

பிறகு மூன்றடுக்குப் பை. 1980களின் கடைசியில் கேமரூனில் தட்டைப்பயறுக்காகவே உருவான முறை இது. உள்ளே இரண்டு பிளாஸ்டிக் உறை, வெளியே சாக்கு. உள்ளிருக்கும் ஆக்சிஜனை வண்டே தீர்த்துவிட்டுச் செத்துப்போகும். மருந்தே வேண்டாம். ஆனால் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுகிறேன் என்று நான் ஒரு பையை இரண்டு முறை திறந்துவிட்டேன். “காட்சிக்கா வெச்சிருக்கு தம்பி?” என்று குழுவில் மூத்த பாட்டி திட்டினார். நியாயம்தான். அந்தப் பையில் மட்டும் வண்டு இருந்தது.

அடுத்த சோதனையில் 100 சோளத்துக்கு 88 முளைத்தது. உடனே எல்லாவற்றையும் பகிர்ந்துவிடலாம் என்றேன். பாட்டி ஒப்பவில்லை. “முதல் மழைக்கே எல்லாத்தையும் குடுத்துட்டா ரெண்டாம் மழைக்கு வங்கி எதுக்கு?”

மூன்றில் ஒரு பங்கைப் பூட்டி வைத்தோம். அந்தப் பருவமும் மழை ஏமாற்றியது. ஏழு குடும்பம் மறுபடி விதைத்தது அந்தப் பங்கிலிருந்துதான். திரும்பி வந்த விதையில் இப்போது வேறு ரகங்களின் கலப்பு தெரிகிறது. வரும் பருவத்தில் பூக்கும் முன்பே வயலில் இறங்கி, கலவன்களை, அதாவது ரகம் மாறிய செடிகளைப் பிடுங்க வேண்டும்.