வீட்டில் ஆங்கிலம் இல்லாதவர்கள் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

எங்கள் வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கல்லூரி வரை போன முதல் ஆள் நான்தான். வெளிநாட்டில் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்களின் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் (IELTS) தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தபோது எழுதிப் பார்த்த மாதிரித் தேர்விலேயே அது அப்பட்டமாகத் தெரிந்தது. வாசிப்பும் எழுத்தும் பரவாயில்லை. கேட்பதும் பேசுவதும் படுமோசம். இலக்கணம் பள்ளியில் கிடைத்துவிடும். காது பழகுவதற்கு வீட்டில் யாராவது பேச வேண்டுமே!

வசதி என்றதும் பணம்தான் நினைவுக்கு வரும். படிப்பில் அது வேறு வேஷங்களில் வருகிறது. பள்ளி விட்டு வந்ததும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்குப் படிக்க நேரம் குறைவு. வசதியான வீட்டுப் பிள்ளை தப்பும் தவறுமாகப் பேசினால் அம்மா சிரித்துக்கொண்டே திருத்துவார். மற்ற பிள்ளைக்கு முதல் தப்பே வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் நடக்கிறது. அப்புறம் எங்கே வாய் திறப்பது?

ஏழை வீட்டுப் பிள்ளை நான்கு வயதுக்குள் வசதியான வீட்டுப் பிள்ளையைவிட மூன்று கோடி சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்று மேடையில் அடிக்கடி சொல்வார்கள். ஹார்ட், ரிஸ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1995-இல் எழுதியது அது. அவர்கள் கவனித்தது 42 குடும்பங்களை மட்டும். குழந்தையைச் சுற்றி மற்றவர்கள் பேசிக்கொள்வதையும் சேர்த்துக் கணக்கிட்டால் இடைவெளி அவ்வளவு பெரிதில்லை என்று பின்னால் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. என்னைக் கேட்டால், எங்கள் வீட்டில் பேச்சுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. ஆங்கிலம் காதில் விழுந்த நேரம்தான் குறைவு. அந்த நேரத்தைப் பிறகும் சேர்த்துக்கொள்ளலாம்.

முதலில் காது. ஐஇஎல்டிஎஸ் தேர்வில் ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் போடுவார்கள். 'வாட் டூ யூ வான்ட் டு டூ' என்று புத்தகத்தில் பிரிந்து நிற்பது, பேச்சில் 'வாட்டயவான்னடூ' என்று ஒரே மூச்சில் ஓடிவிடும். எழுத்தில் பார்த்தால் புரியும், கேட்டால் புரியாது. எழுத்து வடிவமும் சேர்ந்து கிடைக்கிற ஒரு நிமிட ஒலிப்பதிவை எடுங்கள். முதலில் வெறுமனே கேளுங்கள். பிறகு எழுத்தைப் பார்த்தபடி கேளுங்கள். கடைசியில் பேசுகிறவரோடு கூடவே பேசுங்கள், அவர் விழுங்கும் இடத்தில் நீங்களும் விழுங்குங்கள். நாக்கு அந்த வேகத்துக்குப் பழகினால் காதும் பின்னாலேயே வரும். இணைய வசதி கிடைக்கும் இடத்தில் பதிவிறக்கிக்கொண்டால் பழைய போனே போதும்.

வாசிப்பில், 'தினமும் ஆங்கிலப் பத்திரிகைத் தலையங்கம் படி' என்ற அறிவுரையை ஓரமாக வையுங்கள். உதவியில்லாமல் ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார் சொல்வள ஆய்வாளர் பால் நேஷன். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாததாக இருக்கலாம். வரிக்கு இரண்டு சொல்லுக்கு அகராதி புரட்டினால் அது வாசிப்பே ஆகாது. நூலகத்தில் படிநிலைக் கதைப் புத்தகங்கள் (எளிய சொற்களில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாகும் கதைகள்) இருக்கும். சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறதே என்று வெட்கப்படாமல் எளியதை நிறையப் படியுங்கள்.

பேச ஆள் இல்லையா? உங்களைப் போலவே தடுமாறுகிற ஒருவரைத் துணைக்குப் பிடியுங்கள். சிரிக்க மாட்டார்.

ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. பிள்ளையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, "சரி, இப்போ அதைத் தமிழில் சொல்லு" என்று கேட்டாலே போதும். புரியாமல் ஒப்பித்ததெல்லாம் அங்கே மாட்டிக்கொள்ளும்.

பயிற்சி வகுப்பில் பணம் கட்டுவதற்கு முன், ஒரு வகுப்பில் ஒவ்வொரு மாணவருக்கும் எத்தனை நிமிடம் பேசக் கிடைக்கும் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பணத்தைக் கட்டாதீர்கள்.