மிச்சிகனும் அரை வாக்கும்

2008ஆம் ஆண்டு அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் ஹிலாரி கிளிண்டன், பராக் ஒபாமா ஆகியோரின் ஆதரவாளர்களிடையே மூண்ட கசப்பை நினைக்கும்போது, அவ்வாண்டு மே 31ஆம் நாள்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. கட்சி அனுமதித்த காலத்துக்கு முன்பே வாக்கெடுப்பு நடத்தியதற்காக மிச்சிகன், ஃபுளோரிடா மாநிலங்களின் பிரதிநிதிகளுக்கு, வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டில் வாக்குரிமை மறுக்கப்பட்டிருந்தது. மிச்சிகன் வாக்குச்சீட்டிலோ ஒபாமாவின் பெயரே இல்லை. அன்று வாஷிங்டனில் கூடிய கட்சியின் விதிமுறைக் குழு, அந்தப் பிரதிநிதிகள் ஒவ்வொருவருக்கும் அரை வாக்கு அளித்து, மிச்சிகனில் ஒபாமாவுக்கும் ஒரு பங்கை ஒதுக்கியபோது, அரங்கிலிருந்த கிளிண்டன் ஆதரவாளர்கள் கொதித்தெழுந்து, மாநாடு நடக்கவிருந்த டென்வரின் பெயரை முழங்கினார்கள்.

அந்தக் கோபத்தை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் ஒரு பெண் அதிபராவதை வாழ்நாளில் பார்த்துவிட வேண்டும் என்று காத்திருந்தவர்கள் அவர்களில் பலர். ஆனாலும், பெயரே இடம்பெறாத ஒருவருக்கு எதிரான வாக்கெடுப்பைக் கிளிண்டனின் முழு வெற்றியாகக் கொள்வது நியாயமன்று என்பதே என் கருத்து.

ஜூன் 7 அன்று கிளிண்டன் விலகினார். அம்மாதம் 27ஆம் நாள் இருவரும் ஒன்றாக மேடையேறிய நியூ ஹாம்ப்ஷயரின் சிற்றூருக்கு யூனிட்டி, அதாவது ஒற்றுமை, என்று பெயர். வேட்பாளர் தேர்வுக்கான வாக்கெடுப்பில் அங்கே இருவரும் பெற்றிருந்தவை தலா 107 வாக்குகள். ஆகஸ்ட் 27 அன்று டென்வரில், மாநில வாரியான வாக்கெடுப்பை இடையில் நிறுத்தி ஒபாமாவைக் குரலொலியால் தேர்ந்தெடுக்குமாறு, நியூயார்க் பிரதிநிதிகளின் நடுவே நின்று முன்மொழிந்தவர் கிளிண்டனே.