இருபத்தாறாவது ட்ராக்கில் விழுந்த கணினி

அம்மா பாடும் தாலாட்டை ஒரு முழுப் பாட்டாகச் செய்ய வேண்டும் என்று தை மாதத்தில் ஆரம்பித்தேன். அம்மாவுக்குத் திருப்பத்தூர் பக்கம். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெரியப்பாவை உட்காரவைத்துப் பம்பையும் உடுக்கையும் பதிவு செய்துகொண்டு வந்தேன். மற்ற வேலை எல்லாம் பெங்களூரில், அல்சூரில் எங்கள் வீட்டு மாடி அறையில். ஆபீஸ் முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு, இரவு ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை கிடைக்கிற நேரம்தான்.

கணினி நான் பார்த்துப் பார்த்து அசெம்பிள் செய்தது. மூன்றாம் தலைமுறை ரைசன், விண்டோஸ், 8 ஜிபி ரேம் இரண்டு. வயலின், செல்லோ சாம்பிள்கள், அதாவது முன்பே பதிவு செய்த வாத்திய ஒலிகள், நிறைய இடம் கேட்டதால் டிசம்பரில் இன்னும் இரண்டு 8 ஜிபி வாங்கிப் போட்டு 32 ஆக்கினேன். பாட்டு செய்வது ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில். பெரிய ஸ்டூடியோக்கள் வேறு மென்பொருள் வைத்திருந்தாலும், என்னைப் போல வீட்டில் செய்கிறவர்களுக்கு இது போதும். 60 நாள் சும்மா போட்டுப் பார்க்கலாம், பிடித்தால் 60 டாலர்.

முதல் வாரம்

ஒவ்வொரு வாத்தியமும் குரலும் தனித்தனி ட்ராக். ப்ராஜெக்ட்டில் 25 ட்ராக் வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. 26-ஆவதாக வயலின் கூட்டத்தைச் சேர்த்து ப்ளே அழுத்தினேன். இரண்டு நிமிடம் நன்றாகப் போயிற்று. திடீரென்று ஸ்பீக்கரில் 'ட்ர்ர்ர்' என்று ஒரே ஒலி இழுத்துக்கொண்டு நின்றது. திரை கறுத்தது. கணினி தானாக மறுபடி ஆன் ஆனது.

மறுநாள் அம்மாவை மைக் முன்னால் உட்காரவைத்துப் பாடச் சொன்னேன். மூன்றாவது கண்ணி நடக்கும்போது மறுபடியும் அதே கறுப்புத் திரை. அம்மா ஹெட்போனைக் கழற்றி, "நான் ஏதாவது தொட்டுட்டேனாப்பா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை உட்காரவிடவில்லை. அன்று பாடியது போலக் குரல் தினமும் அமையாது. எழுபது வயது, காலையில் பாடினால் ஒரு மாதிரி, ராத்திரி ஒரு மாதிரி. இதைச் சரிசெய்யாமல் அவரை இனி மைக் முன்னால் கூப்பிடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான், அதையும் எழுதிவிட்டுத்தான் செய்வது. அவசரத்தில் மூன்றை மாற்றிவிட்டு அது நின்றால், எதனால் நின்றது என்று கடைசிவரை தெரியாது.

இரண்டு நோய்

நான்கு நாள் எழுதிய பிறகு நோட்டைப் புரட்டியபோது தெரிந்தது, நான் 'கிராஷ்' என்று ஒரே சொல்லில் எழுதியவை இரண்டு வேறு சங்கதிகள். சில முறை ரீப்பர் மட்டும் மறைந்துபோனது. பிரவுசர், கடிகாரம் எல்லாம் அப்படியே இருந்தன. மற்ற முறைகளில் கணினியே விழுந்தது.

இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. சாதாரண மென்பொருள் தன் எல்லைக்குள் ஓடுகிறது. அது தப்பு செய்தால் விண்டோஸ் அதை மட்டும் மூடிவிடும். மொத்தக் கணினியும் விழவேண்டும் என்றால், அதற்குக் கீழே இருக்கிற ஏதோ ஒன்று கெட்டிருக்க வேண்டும். ஒன்று டிரைவர், அதாவது வன்பொருளையும் விண்டோஸையும் பேசவைக்கிற மென்பொருள், இல்லை ரேம், பவர் சப்ளை, சூடு மாதிரி வன்பொருள் சங்கதி. பாட்டு மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி போடுவதில் மூன்று இரவு செலவழிக்கிறவர்கள் பலர், அந்த நேரம் அத்தனையும் வீண்.

முதல் நோயை முதலில் பார்த்தேன், அது சுலபம். ரீப்பருக்குள் ஒலிகளும் எஃபெக்ட்களும் சேர்க்கிற துணை மென்பொருள்தான் ப்ளக்இன். என் ப்ளக்இன் ஃபோல்டரில் 58 இருந்தன. பாதியை, அதாவது 29-ஐ, வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு ஓட்டினேன். விழவில்லை. அப்படியானால் கோளாறு நகர்த்திய பாதியில். அதிலிருந்து 15-ஐத் திரும்பப் போட்டேன். இப்படிப் பாதி பாதியாக ஆறு சுற்றில் ஒரு பழைய சிந்தசைசரில் வந்து நின்றது. அதன் ஜன்னலைத் திறந்தால் போதும், ரீப்பர் மறைந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தால் ஒரு வாரம் போயிருக்கும்.

அதைத் தூக்கி எறிய மனமில்லை, அதில் ஒரு சுருதி ஒலி இருக்கிறது, தம்புராவுக்கும் ஹார்மோனியத்துக்கும் நடுவில் ஒரு நிறம். ரீப்பரில் ஒரு ப்ளக்இன்னைத் தனி ப்ராசஸாக ஓட்டச் சொல்லலாம். ப்ளக்இன் பெயர்மேல் வலது க்ளிக் செய்தால் 'ரன் அஸ்' என்று வரும். அப்படி வைத்துவிட்டால் அது செத்தாலும் அது மட்டும்தான் சாகும், ப்ராஜெக்ட் நிற்காது. அந்த ஒலியை ஒரு முறை ஓடவிட்டு ஆடியோவாக மாற்றி வைத்துக்கொண்டேன். அப்புறம் அந்த ப்ளக்இன் தேவைப்படவே இல்லை.

கூடவே, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் நேரம் குறித்த காப்பியாகச் சேமிக்கச் சொல்லி வைத்தேன். ரீப்பரின் ப்ராஜெக்ட் ஃபைல் வெறும் எழுத்துதான், சில நூறு கேபி. எத்தனை காப்பி வைத்தாலும் இடம் ஆகாது.

இரண்டாம் வாரம்: டிரைவரா, சூடா, கரன்ட்டா

இரண்டாம் நோய்க்கு முதலில் அதன் முகம் தெரியவேண்டும். விண்டோஸ் விழுந்தவுடன் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படிதான் அமைத்து வருகிறார்கள், அதனால் பிழைக் குறியீட்டோடு வருகிற நீலத் திரை கண்ணில் நிற்பதே இல்லை. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி'யில் அந்த டிக்கை எடுத்துவிட்டேன். விண்டோஸ் நடந்ததை எல்லாம் குறித்துவைக்கிற ஈவென்ட் வியூவரில் 'கர்னல் பவர் 41' என்று சிவப்பில் வரிசையாக இருந்தது. அதைப் பார்த்துப் பவர் சப்ளையை மாற்றிவிடாதீர்கள். கணினி முறையாக ஷட் டவுன் ஆகாமல் நின்றது என்றுதான் அது சொல்கிறது, ஏன் நின்றது என்று சொல்வதில்லை.

வீட்டில் கரன்ட் அடிக்கடி போய்வருவதால் யுபிஎஸ் மேலும் சந்தேகம் இருந்தது. ஆனால் நீலத் திரை வந்து எழுத்தோடு நிற்கிறது என்றால் கரன்ட் இருக்கிறது. அந்தச் சந்தேகத்தை அதோடு விட்டேன். கேபினைத் திறந்து தூசி ஊதி, ஹெச்டபிள்யூஇன்ஃபோ போட்டு ப்ராசசர் சூட்டைப் பார்த்தேன். முழுப் பாட்டும் ஓடும்போது 71 டிகிரி. அது பயப்படுகிற அளவு இல்லை.

மிச்சம் இருந்தது ஆடியோ டிரைவர். எனக்கு அதுதான் என்று கிட்டத்தட்ட நிச்சயம். மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கிற பெட்டிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ். அதன் ஏஸியோ டிரைவர், விண்டோஸின் மையமான கர்னலுக்குள் ஓடுகிற டிரைவரோடு பேசுகிறது, அங்கே தப்பு நடந்தால் கணினி விழும். புது டிரைவர் போட்டேன். ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து அனுப்புகிற பஃபரின் அளவை 128 சாம்பிளிலிருந்து 512-க்கு ஏற்றினேன்; இங்கே சாம்பிள் என்பது ஒலியின் ஒரு அளவீடு. நொடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில் 128 என்பது 2.7 மில்லிசெகண்ட், 512 என்பது 10.7. பதிவு செய்யும்போது சிறியது வேண்டும், கலக்கும்போது பெரியது போதும். இவற்றால் நடுவில் வந்த சின்னச் சின்ன 'டிக் டிக்' ஒலி நின்றது. கணினி விழுவது நிற்கவில்லை.

அப்போதுதான் ரீப்பரின் ஆடியோ டிவைஸ் பட்டியலில் 'டம்மி ஆடியோ' என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் ப்ராஜெக்ட் ஓடும், எல்லா ப்ளக்இன்னும் வேலை செய்யும், ஆனால் எந்த இன்டர்ஃபேஸிடமும் பேசாது. இன்டர்ஃபேஸின் வயரையும் பிடுங்கிவிட்டு, சத்தமே இல்லாமல் பாட்டு ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்காவது நிமிடத்தில் நீலத் திரை. ஒரு வாரம் சந்தேகப்பட்ட டிரைவர் அந்த நொடியில் விடுதலை.

நோட்டில் எழுதி வைத்திருந்த நீலத் திரைக் குறியீடுகளை வரிசையாகப் பார்த்தேன். ஒரு நாள் 'மெமரி மேனேஜ்மென்ட்', ஒரு நாள் 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா', ஒரு நாள் 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்'. விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், ஒவ்வொரு முறை விழும்போதும் அதில் ஒரு சின்ன ஃபைல் சேரும். ப்ளூஸ்க்ரீன்வியூ என்ற இலவசக் கருவியில் அவற்றைத் திறந்தால் எந்த டிரைவர் பெயர் அடிபடுகிறது என்று காட்டும். எனக்கு ஏழு ஃபைலில் ஐந்து வேறு பெயர். ஒரே டிரைவர் திரும்பத் திரும்ப வந்தால் அதைப் பிடிக்கலாம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் மாட்டினால், எல்லோரும் நின்றிருக்கிற தரை ஆடுகிறது என்று அர்த்தம். அந்தத் தரை ரேம்.

மூன்றாம் வாரம்

மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து கணினியை ஆன் செய்தேன். இது விண்டோஸுக்கு வெளியே ஓடி ரேமின் ஒவ்வொரு இடத்திலும் எழுதி, திரும்பப் படித்துப் பார்க்கும். இலவசப் பதிப்பில் நான்கு சுற்று. ராத்திரி ஓடவிட்டுப் படுத்தேன். விடிகாலையில் தண்ணீர் குடிக்க எழுந்து எட்டிப் பார்த்தால், இருட்டு அறையில் திரை மட்டும் ஒளிர, சிவப்பு வரிகள். 11 பிழை.

அடுத்த நான்கு இரவும் ஒவ்வொரு ரேமாகத் தனியாகப் போட்டுச் சோதித்தேன். நான்கும் சுத்தம். ஒன்றுகூடத் தப்பு காட்டவில்லை. இங்கே எனக்குக் கொஞ்சம் மனம் தளர்ந்துவிட்டது. நான்கையும் கழித்துவிட்டு 16 ஜிபியாக இரண்டு புதிது வாங்கிவிடலாம் என்று சனிக்கிழமை கிளம்பினேன். அல்சூரில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் மாறி, சிக்பேட்டையில் இறங்கினால் எஸ்பி ரோடு நடக்கிற தூரம். பெங்களூரில் கணினி உதிரி பாகத்துக்கு எல்லோரும் போகிற இடம் அது. கன்னடம், தமிழ், இந்தி, உருது எல்லாம் ஒரே வாக்கியத்தில் கேட்கும்.

நான் வழக்கமாகப் போகிற சின்னக் கடையின் அண்ணன் கிருஷ்ணகிரிக்காரர். நான்கு ரேமையும் வாங்கி மேசையில் வரிசையாக வைத்தார். டிராயரிலிருந்து பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பர் ஒன்றை எடுத்து, ஒவ்வொன்றின் தங்கப் பல்வரிசையையும் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதினார். ஸ்டிக்கரைக் கண்ணருகே வைத்துப் படித்தார்.

"ரெண்டு பழசு, ரெண்டு புதுசு. நாலும் 3200-ல ஓடுதா?"

"ஆமாண்ணா, எக்ஸ்எம்பி ஆன்ல இருக்கு."

"நாலு ஸ்லாட்டும் ரொம்பிடுச்சுன்னா உங்க ப்ராசசருக்கு 3200 கணக்கு இல்ல தம்பி. எறக்கிப் பாருங்க. அப்பவும் தப்பு வந்தா வாங்க, புதுசு தர்றேன்."

விற்க வேண்டியவர் விற்காமல் அனுப்பினார். வீட்டுக்கு வந்து பார்த்தேன், அவர் சொன்னது சரி. இந்தத் தலைமுறை ரைசனில் ரேம் இரண்டாக இருந்தால் அதன் வேகம் 3200 வரை. ரேங்க் என்பது ரேமில் சேர்ந்து வேலை செய்கிற சிப்களின் தொகுதி. ஒற்றை ரேங்க் ரேம் நான்கு போட்டால் 2933, இரட்டை ரேங்க் என்றால் 2667. எக்ஸ்எம்பி என்பது அந்த ஜோடி ரேம், அந்த வேகத்தில், தனியாகச் சோதிக்கப்பட்டது என்பதற்கான குறிப்பு; அதை ஆன் செய்தால் ரேம் அந்த வேகத்தில் ஓடும். இரண்டு வேறு ஜோடிகளைச் சேர்த்துப் போட்டால் அந்தக் குறிப்பு பொருந்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தனித்தனியாகச் சுத்தமாக வந்ததும் இதனால்தான். ஆட்கள் நல்லவர்கள், கூட்டம்தான் தாங்கவில்லை.

இத்தனை நாள் பிரவுசரிலும் ஆபீஸ் வேலையிலும் ஏன் விழவில்லை என்ற கேள்விக்கும் பதில் கிடைத்தது. சாம்பிள் நூலகம் ஒரே மூச்சில் பத்து, பதினைந்து ஜிபியைப் பிடித்து இடைவிடாமல் படிக்கிறது. அபூர்வமாக நடக்கிற ஒரு பிட் தவறு மாட்டிக்கொள்ள அத்தனை வாய்ப்பு வேறு எந்த வேலையிலும் இல்லை.

விண்டோஸுக்கு முன்னால் வருகிற அமைப்புத் திரையான பயோஸில் எக்ஸ்எம்பியை ஆனிலேயே விட்டுவைத்து, வேகத்தை மட்டும் 2933-க்கு இறக்கினேன். மெம்டெஸ்ட் நான்கு சுற்று, பூஜ்யம். நம்பிக்கை வராமல் மறுநாள் ராத்திரியும் ஓட்டினேன், பூஜ்யம். பாட்டின் வேகத்தில் என் காதுக்கும் கண்ணுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. செலவு, மெட்ரோ டிக்கெட்.

இப்போது

ப்ராஜெக்ட் 34 ட்ராக்கில் நிற்கிறது. பம்பையை வலப்பக்கமும் இடப்பக்கமும் பிரித்து, உடுக்கையை நடுவில் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன். வயலின் கூட்டம் அம்மாவின் குரலுக்கு மேலே ஏறாமல் இருக்க, அதன் நடு அலைவரிசையைக் கொஞ்சம் குறைத்தேன். நேற்று இரவு முழுப் பாட்டையும் லூப்பில் போட்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டேன். நிற்கவில்லை.

இன்று காலை அம்மாவுக்கு ஹெட்போன் மாட்டிவிட்டுப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். பெரியப்பாவின் பம்பை வருமிடத்தில் விரலால் மேசையில் தட்டினார். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றாமலே, "மாமன் வர்ற இடம் இருக்கு, அத்தை வர்ற கண்ணிய விட்டுட்டேன் பாரு. ஞாயித்துக்கிழமை காலைல மறுபடி பாடுறேன், மைக்கை எடுத்து வை" என்றார்.